ஓட்டுப் போடப் பரீட்சையா?

ஒரே தெருவில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் 30 வயது. இருவருக்கும் டவுன் சிண்ட்ரோம். ஒரே பட்டறையில் வேலை பார்க்கிறார்கள், ஒரே பேருந்தில் போய் வருகிறார்கள். முதலாமவருடைய வங்கிக் கணக்கு, வைத்தியம், துணிமணி எல்லாவற்றையும் அம்மாவே பார்த்துக்கொள்கிறார். அவருக்காக நீதிமன்ற வாசலை யாரும் மிதித்ததில்லை. இரண்டாமவருக்கு அம்மா இல்லை. அதனால் நீதிமன்றம் அவருக்கு ‘எல்லா விவகாரங்களுக்கும்’ என்று ஒரு பாதுகாவலரை நியமித்திருக்கிறது. ஜெர்மனியில் 2019 வரை இவர்களில் முதலாமவருக்கு ஓட்டு உண்டு, இரண்டாமவருக்குக் கிடையாது.

அந்த நாட்டின் கூட்டாட்சித் தேர்தல் சட்டத்தில் இருந்த ஒரு வரிதான் காரணம். அந்த மனிதருக்குத் தேர்தல் என்றால் என்னவென்று தெரியுமா, பிடித்த கட்சி எது, பிடிக்காத தலைவர் யார் என்றெல்லாம் எவரும் கேட்பதில்லை. பாதுகாவலர் நியமன உத்தரவில் ‘எல்லா விவகாரங்களும்’ என்று எழுதியிருந்தால் ஓட்டும் கூடவே போய்விடும். இப்படி ஓட்டு இழந்தவர்கள் நாடு முழுவதும் 80,000 பேருக்கு மேல். இதிலும் ஒரு வேடிக்கை இருந்தது. பவேரியா மாநிலத்தில் லட்சம் பேருக்கு 200 பேருக்கு மேல் ஓட்டு இல்லாமல் இருந்தார்கள். பிரேமனில் லட்சத்துக்கு எட்டுப் பேர்கூட இல்லை. பவேரியாக்காரர்களுக்குப் புத்தி மட்டு என்று பிரேமன்காரர்கள் வேண்டுமானால் சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம். அந்தந்த ஊர் நீதிமன்றம் உத்தரவு எழுதும் பழக்கம்தான் இந்த வித்தியாசத்துக்குக் காரணம்.

கார்ல்ஸ்ரூவில் உள்ள ஜெர்மன் அரசியல் சாசன நீதிமன்றம் 2019 ஜனவரி 29 அன்று இந்த வரியை அடித்தது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா இல்லையா என்ற தற்செயலை வைத்து ஒருவரின் ஓட்டுரிமையைத் தீர்மானிக்கக் கூடாது என்பது அதன் வாதத்தின் சாரம். அதே ஆண்டு மே 26 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல். சட்டத்தைத் திருத்துவதற்குள் தேர்தல் வந்துவிடும் என்பதால், ஏப்ரலில் இன்னொரு முறை தலையிட்டு, விண்ணப்பித்தவர்கள் எல்லாம் வாக்களிக்கலாம் என்று வழிவிட்டது.

ஐரோப்பாவில் அது ஓட்டு திரும்பி வந்த பருவம். 2018 டிசம்பரில் ஸ்பெயின் தன் தேர்தல் சட்டத்தைத் திருத்தி ஏறக்குறைய ஒரு லட்சம் பேருக்கு ஓட்டுரிமையைத் திருப்பித் தந்தது. 2019 மார்ச்சில் பிரான்ஸ் சட்டம் போட்டது. அங்கே பாதுகாவலரின் பொறுப்பில் இருந்த சுமார் மூன்று லட்சம் பேருக்கு இனி எந்த நீதிபதியும் ஓட்டை மறுக்க முடியாது என்றானது.

யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை இங்கே தெளிவாக்கிவிடுவது நல்லது. அறிவுசார் குறைபாடு என்பது பிறப்பிலோ சிறு வயதிலோ வருவது. புரிந்துகொள்ள, கற்றுக்கொள்ள, அன்றாட வேலைகளைச் செய்ய வழக்கத்தைவிட அதிக நேரமும் உதவியும் தேவைப்படும். மனநோய் வேறு, அது வரும், சிகிச்சையில் கட்டுப்படும். எழுத்துகள் குழம்பும் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடும் வேறு. அறிவுசார் குறைபாட்டிலும் பல படிகள் உண்டு. தனியாகப் பேருந்து ஏறி வேலைக்குப் போய்வருபவரும் இருக்கிறார், பேச்சே இல்லாதவரும் இருக்கிறார். இந்தியாவின் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இப்படிப் பதிவானவர்கள் 15 லட்சம் பேர். இவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஊர் வைத்திருக்கும் ஒரே தீர்ப்பு, ‘அவனுக்கு என்ன தெரியும்?’ என்பதுதான்.

தெரியுமா தெரியாதா என்று சோதித்துப் பார்த்துவிட்டு ஓட்டுக் கொடுத்தால் என்ன? கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. ஸ்பெயினில் அப்படித்தான் நடந்தது. அறிவுசார் குறைபாடுள்ள ஓர் இளம்பெண்ணுக்கு 18 வயது ஆகப்போகும்போது, அவளுடைய சொத்து, நலன்களைக் காக்கப் பாதுகாவலர் உரிமை கேட்டு அவள் தாய் நீதிமன்றம் போனார். ஓட்டுரிமையை மட்டும் தொட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். நீதிபதி அந்தப் பெண்ணை நேரில் விசாரித்தார். தேர்தலைப் பற்றிய அடிப்படை விவரங்கள் தெரியவில்லை, பிறர் சொல்லுக்கு எளிதில் ஆட்படுவாள் என்று சொல்லி ஓட்டை எடுத்துவிட்டார். வழக்கு ஸ்ட்ராஸ்பர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. 2021 மே மாதம் தீர்ப்பு வந்தது: தாய் தோற்றார். தனித்தனியாக விசாரித்து முடிவெடுத்ததால் அது உரிமை மீறல் ஆகாது என்றார்கள். அதற்குள் ஸ்பெயின் தன் சட்டத்தையே மாற்றிவிட்டதால் மகளுக்கு ஓட்டு எப்போதோ திரும்பிவந்திருந்தது என்பது தனிக்கதை.

ஜெனீவாவில் இருக்கும் ஐ.நா.வின் மாற்றுத்திறனாளி உரிமைக் குழு இதற்கு நேர் எதிராகப் பேசியது. ஹங்கேரியைச் சேர்ந்த அறிவுசார் குறைபாடுள்ள ஆறு பேர் கொண்டுவந்த புகாரில், 2013இல் அது சொன்ன கருத்து இது: ஒட்டுமொத்தமாக விலக்குவது மட்டுமல்ல, ஆளுக்கு ஆள் சோதித்து விலக்குவதும் பாகுபாடுதான்.

இரண்டில் ஜெனீவா சொல்வதே சரி என்று படுகிறது. காரணம் சிக்கலானதல்ல. அந்தப் பரீட்சையை வேறு யாருக்கும் வைப்பதில்லை. தன் தொகுதி எம்.எல்.ஏ. பெயர் தெரியாத பட்டதாரிகள் எத்தனையோ பேர் வரிசையில் நிற்கிறார்கள். சாதி பார்த்துப் போடுகிறவர் உண்டு, கணவர் சொன்னதற்குப் போடுகிறவர் உண்டு. பணம் விளையாடியதற்காகவே 2017இல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலும் 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் நிறுத்தப்பட்டன. மறுபடி தேர்தல் நடந்தபோது அந்தத் தொகுதிக்காரர்களை உட்கார வைத்துக் கேள்வித்தாள் கொடுக்கவில்லை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வாக்காளராகப் பதிய எழுத்தறிவுத் தேர்வு வைத்தார்கள். அது கறுப்பின மக்களை வடிகட்டுவதற்கான சல்லடையாக ஓடியது. 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்துதான் அதை நிறுத்தியது. ஓட்டுக்குத் தேர்வு என்று யார் தொடங்கினாலும், தேர்வு எழுதுகிறவர் யார் என்பதைத் தேர்வு வைப்பவரே முடிவுசெய்வார்.

ஆனால் இந்தப் பக்கத்தில் நிற்பவர்களும் மழுப்பக் கூடாத முடிச்சு ஒன்று இருக்கிறது. பேச்சோ சைகையோ இல்லாத, எதைக் காட்டினாலும் விருப்பத்தைத் தெரிவிக்க முடியாத நிலையில் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஓட்டுரிமை இருக்கலாம். ஆனால் அந்த ஓட்டை இன்னொருவர் போட்டால் அது அந்த இன்னொருவரின் இரண்டாவது ஓட்டு. சட்டம் எழுதியவர்கள் இதை யோசிக்காமல் இல்லை. பிரான்ஸின் 2019 சட்டத்தில், பாதுகாவலரின் பொறுப்பில் இருப்பவர் தன் ஓட்டைத் தானே தீர்மானிக்க வேண்டும், பாதுகாவலருக்கோ காப்பகப் பணியாளருக்கோ பதிலாள் அதிகாரம் தரக் கூடாது என்று சேர்த்தே எழுதியிருக்கிறது. பிரிட்டனின் மனத்திறன் சட்டம், 2005இல் வந்தது, ஒருவரின் பணம், சிகிச்சை எல்லாவற்றிலும் மற்றவர் முடிவெடுக்க வழிவகை செய்துவிட்டு, ஓட்டை மட்டும் வெளியே நிறுத்துகிறது. ஒருவருக்குப் பதிலாக யார் வேண்டுமானாலும் பால் கணக்கு முடிக்கலாம். ஓட்டுப் போட முடியாது.

பிரிட்டனின் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்லலாம். சட்டத்தைத் திருத்திவிட்டால் வேலை முடிந்ததா என்ற கேள்விக்கு அங்கே பதில் இருக்கிறது. மனநிலையைக் காரணம் காட்டி ஓட்டை மறுக்கும் பழைய பொதுச்சட்ட விதியை அந்நாடு 2006ஆம் ஆண்டின் தேர்தல் நிர்வாகச் சட்டத்தின் மூலம் ஒழித்தது. சட்டம் போய்விட்டது, தடை போகவில்லை. பதிவுப் படிவத்தைப் படிக்க முடியாது. காப்பகத்தில் இருப்பவர்களைப் பணியாளர்கள் கேட்பதே இல்லை. அவர்களாகவே கேட்டாலும் ‘உங்களுக்கெல்லாம் ஓட்டு கிடையாதே’ என்று தவறாகச் சொல்லி அனுப்புகிறவர்களும் இருந்தார்கள். ஒருவேளை சாவடி வரைக்கும் போய்விட்டாலும் கையில் கிடைப்பது பெயர்கள் அச்சிட்ட ஒரு காகிதம். அந்தக் காகிதத்தில் கட்சியின் பெயரைப் போட அனுமதி வந்ததே 1969இல்தான். சின்னம் வந்ததோ 1998ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு.

இங்கேதான் அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்காக வேலை செய்யும் மென்கேப், யுனைடெட் ரெஸ்பான்ஸ், டைமன்ஷன்ஸ் போன்ற அமைப்புகள் உள்ளே வந்தன. அவர்கள் கையில் எடுத்த முதல் கருவி ‘ஈஸி ரீட்’ என்கிற எளிய வாசிப்பு முறை. பெரிய எழுத்து. சிறிய வாக்கியம். ஒரு வாக்கியத்தில் ஒரே விஷயம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதையே சொல்லும் படம். இதில் முக்கியமான விதி வேறொன்று: எழுதி முடித்ததும் அறிவுசார் குறைபாடுள்ளவர்களிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லி, அவர்களுக்குப் புரியாத வரியை அடித்துவிட்டுத் திரும்ப எழுத வேண்டும். பிரிட்டனின் தேர்தல் ஆணையமும் மென்கேப்பும் சேர்ந்து ஓட்டுப் போடும் வழிகாட்டியை இப்படி வெளியிட்டன. பெரிய கட்சிகளும் தேர்தல் அறிக்கையை எளிய வாசிப்பில் கொண்டுவரத் தொடங்கின. பல சமயம் மூல அறிக்கை வந்து பல நாள் கழித்துத்தான் இது வரும், எல்லோரும் பேசி முடித்த பிறகு. ஸ்வீடனில் இதற்கென்றே ‘எட்டுப் பக்கங்கள்’ என்ற பொருளில் பெயர் வைத்து ஒரு செய்தித்தாள் 1984 முதல் வருகிறது. தேர்தல் நேரத்தில் மட்டும் அரசியலை விளக்கிப் பயனில்லை, தினமும் செய்தி தெரிந்தால்தானே ஒருவருக்கு அபிப்பிராயம் உருவாகும் என்பது அதன் பின்னால் இருக்கும் எண்ணம்.

எளிய வாசிப்பு எப்படி இருக்கும் என்று தமிழில் பார்க்கலாம். அரசு அறிவிப்புகளின் நடை நமக்குத் தெரியும்: ‘வாக்குச்சாவடிக்கு வருகை தரும் வாக்காளர்கள், தங்களது அடையாளத்தை மெய்ப்பிக்கும் பொருட்டு, வாக்காளர் புகைப்பட அடையாள அட்டையையோ அல்லது ஆணையத்தால் அங்கீகரிக்கப்பட்ட மாற்று ஆவணங்களுள் ஏதேனும் ஒன்றையோ தவறாது சமர்ப்பித்தல் வேண்டும்.’ இதையே இப்படி எழுதலாம்:

‘ஓட்டுப் போட வரும்போது வாக்காளர் அட்டையைக் கொண்டு வாருங்கள். அட்டை இல்லையா? ஆதார் அட்டையைக் கொண்டு வாருங்கள். பட்டியலில் உங்கள் பெயர் இருக்க வேண்டும்.’

முதல் வரிக்குப் பக்கத்தில் வாக்காளர் அட்டையின் படம், இரண்டாவதற்கு ஆதார், மூன்றாவதற்குப் பெயர்ப் பட்டியல். அவ்வளவுதான். இதைப் படித்து நிம்மதி அடையப்போவது அறிவுசார் குறைபாடுள்ளவர்கள் மட்டும் அல்ல என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பிரிட்டனில் வேலை ஒரே சீராக முன்னேறிவிடவில்லை. 2022ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டம், 18 வயதான எவரும் வாக்காளருக்குத் துணையாகச் சாவடிக்குள் போகலாம் என்று கதவை அகலமாகத் திறந்தது. அதே சட்டம்தான் புகைப்பட அடையாள அட்டையையும் கட்டாயமாக்கியது; 2023 மே உள்ளாட்சித் தேர்தலில் அது நடைமுறைக்கு வந்தது. காரும் ஓட்டாத, வெளிநாடும் போகாத அறிவுசார் குறைபாடுள்ளவரிடம் ஓட்டுநர் உரிமமும் பாஸ்போர்ட்டும் எங்கே இருக்கும்? இலவசமாக ஒரு சான்றிதழ் தருகிறார்கள். அதற்கும் ஒரு விண்ணப்பம் எழுத வேண்டும்.

இப்போது நம் ஊருக்கு வரலாம். பிரிட்டன் 1998க்குப் பிறகு கண்டுபிடித்ததை இந்தியா முதல் தேர்தலிலேயே செய்துவிட்டது. 1951-52இல் வாக்காளர்கள் 17 கோடிக்கு மேல்; அவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென்னின் ஏற்பாட்டில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தனிப் பெட்டி, பெட்டியில் சின்னம். பிடித்த சின்னம் ஒட்டிய பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். இவர்களுக்கு என்ன தெரியும் என்று அன்றைக்கும் கேட்டவர்கள் உண்டு. படிக்கக் கற்றுக்கொண்டு வா என்று மக்களைத் திருப்பி அனுப்பாமல், தேர்தலை அவர்களுக்குப் புரிகிற மாதிரி மாற்றினார்கள். அந்த மரபில் 2015 முதல் வேட்பாளரின் புகைப்படமும் சேர்ந்துவிட்டது. சுவரெல்லாம் சின்னம் வரைந்து, வேனில் நின்று இரண்டு விரலையும் ஐந்து விரலையும் காட்டி ஓட்டுக் கேட்கும் தமிழ்நாட்டு அரசியல், தனக்கே தெரியாமல் எளிய வாசிப்பை நடத்திக்கொண்டிருக்கிறது.

சட்டத்தின் மொழிதான் பழையது. அரசியல் சாசனத்தின் 326ஆவது பிரிவு, வயதுவந்த குடிமக்கள் எல்லோருக்கும் ஓட்டு என்று சொல்லிவிட்டு, விலக்குகளில் ஒன்றாகச் சித்தசுவாதீனமின்மையைக் குறிப்பிடுகிறது. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 16ஆவது பிரிவு இதைக் கொஞ்சம் இறுக்கி எழுதியது: சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று தகுதியுள்ள நீதிமன்றம் அறிவித்திருந்தால்தான் பெயர் சேர்க்கத் தடை. இதைப் பெற்றோர் நன்றாகக் கவனிக்க வேண்டும். மருத்துவச் சான்றிதழ் நீதிமன்ற அறிவிப்பு ஆகாது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் 75 சதவீதம் என்று போட்டிருந்தாலும் ஆகாது. தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்கிறதே, அந்தக் குழுவும் நீதிமன்றம் அல்ல. நீதிமன்றத்தில் அப்படி அறிவிக்கப்பட்டவர்கள் மிகச் சிலரே. மற்றவர்களுக்கு ஓட்டுரிமை இருக்கிறது. வீட்டில் யாரும் படிவம் 6ஐ நிரப்பவில்லை, அவ்வளவுதான்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 11ஆவது பிரிவு ஒரு படி மேலே போகிறது. வாக்குச்சாவடி அணுகக்கூடியதாக இருக்க வேண்டும், தேர்தல் தொடர்பான எல்லாத் தகவலும் மாற்றுத்திறனாளிகளுக்கு எளிதில் புரியும்படி இருக்க வேண்டும் என்கிறது. முதல் பாதி ஓரளவு நடக்கிறது. பள்ளிக்கூட வாசலில் சாய்தளம் போடுகிறார்கள், சக்கர நாற்காலி வைக்கிறார்கள். ‘எளிதில் புரியும்படி’ என்ற இரண்டாம் பாதியைச் சிமென்ட் குழைத்துச் செய்ய முடியாது என்பதாலோ என்னவோ, அது அப்படியே நிற்கிறது.

வாக்குச்சாவடிக்குள் என்னதான் நடக்கிறது என்று நிதானமாகப் பார்த்தால், பழகாதவருக்கு அது எத்தனை படிகள் என்பது விளங்கும். வாசலில் போலீஸ். வெயிலில் வரிசை. உள்ளே போனதும் முதல் அலுவலர் பெயரை உரக்கப் படிக்கிறார். கட்சி ஏஜென்ட்டுகள் எல்லோரும் நிமிர்ந்து பார்க்கிறார்கள். இரண்டாமவர் இடதுகை ஆள்காட்டி விரலைப் பிடித்து மை வைக்கிறார், பதிவேட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குகிறார், ஒரு சீட்டைத் தருகிறார். தெரியாத ஒருவர் விரலைப் பிடிப்பதே சிலருக்குப் பதற்றம். மூன்றாமவர் சீட்டை வாங்கிக்கொண்டு தன் பக்கத்துக் கருவியில் ஒரு பொத்தானை அழுத்துகிறார். அதன் பிறகுதான் அட்டை மறைப்புக்குள் போக வேண்டும். உள்ளே போனால் இயந்திரத்தில் பச்சை விளக்கு. பெயர், படம், சின்னம், நீலப் பொத்தான் என்று வரிசை வரிசையாக. நீலப் பொத்தானை அழுத்தினால் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும், பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் ஒரு சீட்டு ஏழு நொடி தெரிந்து கீழே விழும், ‘பீப்’ என்று நீளமாக ஒரு சத்தம் வரும். லேசாகத் தொட்டுவிட்டுத் திரும்பிவிட்டால் சத்தம் வராது. உடனே வெளியிலிருந்து, ‘நல்லா அழுத்துப்பா!’ என்று குரல் எழும். சத்தம் வந்தாலோ திடுக்கிட்டுக் காதைப் பொத்திக்கொள்பவர்கள் உண்டு.

வேட்பாளர் எண்ணிக்கை இன்னொரு தலைவலி. ஒரு இயந்திரத்தில் நோட்டாவையும் சேர்த்து 16 வரிசைதான். 2024இல் கரூர் மக்களவைத் தொகுதியில் 54 பேர் நின்றார்கள். நான்கு இயந்திரங்களை அருகருகே வைக்க வேண்டியதாயிற்று. 1996இல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்று ஓட்டுச்சீட்டே புத்தகமாக அச்சான கதையை ஈரோட்டுக்காரர்கள் இன்னும் சொல்வார்கள். அதை வைத்துக்கொண்டு திணறாத வாக்காளர் யாரும் இருந்திருக்க முடியாது.

இதற்கெல்லாம் மருந்து பழக்கம்தான். சிறப்புப் பள்ளிகளிலும் தொழிற்பயிற்சி மையங்களிலும் மாதிரி வாக்குப்பதிவு நடத்துவது அதற்காகவே. நல்ல சிறப்பாசிரியர் தேர்தலில் தொடங்க மாட்டார், சாப்பாட்டில் தொடங்குவார். நாளைக்கு இட்லியா பூரியா? படத்தைப் பார், உனக்குப் பிடித்ததில் குத்து, மடித்துப் பெட்டியில் போடு. எண்ணிப் பார்த்து, ஜெயித்த பலகாரம் மறுநாள் தட்டில் வந்துவிட வேண்டும். தான் குத்தியது நிஜமாகவே நடக்கிறது என்ற பாடத்தை எந்தச் சொற்பொழிவாலும் நடத்த முடியாது. தோற்ற இட்லிக்காரர் மறுநாள் பூரி சாப்பிடுவதும் அதே பாடத்தின் பகுதி. பிறகு வகுப்புத் தலைவர் தேர்தல். அதன் பிறகு மை, வரிசை, அட்டை மறைப்பு, ‘பீப்’ சத்தம் எல்லாம் சேர்ந்த ஒத்திகை.

அரசியலை எப்படிச் சொல்லிக் கொடுப்பது? கட்சி வரலாற்றில் தொடங்கினால் வகுப்பு தூங்கிவிடும். தன் வாழ்க்கையைத் தொடுகிற விஷயத்தில் தொடங்கினால் கேட்பார்கள். தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வருகிறது. பேருந்துச் சலுகை இருக்கிறது. இவற்றைக் கொடுப்பது யார், கூட்டுவதும் குறைப்பதும் யார் கையில் இருக்கிறது? பேருந்துப் பயண அட்டையைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்திருப்பவருக்கு இது ஒன்றும் புரியாத அரசியல் இல்லை.

ஒரு நுணுக்கம். ‘இவருக்கா, அவருக்கா?’ என்று கேட்டால், கடைசியாகக் காதில் விழுந்ததையே திருப்பிச் சொல்லும் பழக்கம் சிலருக்கு உண்டு. எதைக் கேட்டாலும் ஆமாம் என்று தலையாட்டி எதிரில் இருப்பவரைச் சந்தோஷப்படுத்துவதும் உண்டு. அதனால் படங்களின் இடத்தை மாற்றி, கொஞ்ச நேரம் கழித்து, இன்னொரு தரம் காட்ட வேண்டும். கை மறுபடி அதே சின்னத்துக்குப் போனால் அது அவருடைய தேர்வு. அப்பா உதயசூரியன், மகன் இரட்டை இலை என்றால் அப்பா வாயை மூடிக்கொண்டு அழைத்துப்போக வேண்டும். மற்ற எந்தப் படியையும்விட இந்தப் படியில்தான் பெற்றோர்கள் வழுக்கி விழுகிறார்கள்.

துணைக்குப் போவதைப் பற்றிய விதி 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் 49என் என்ற எண்ணில் இருக்கிறது. பார்வை இல்லாமையாலோ பிற உடல் நலிவாலோ சின்னத்தைக் கண்டறியவோ பொத்தானை அழுத்தவோ முடியாதவர், 18 வயது நிரம்பிய ஒருவரை உடன் அழைத்துப் போகலாம். துணைக்கு வருபவர் ரகசியம் காப்பேன் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டாவது ஆளுக்குத் துணை போகக் கூடாது. பார்வையற்றவர்களை மனதில் வைத்து எழுதிய விதி என்பது படித்தாலே தெரியும். ‘உடல் நலிவு’ என்ற சொல்லுக்குள் அறிவுசார் குறைபாடு வருமா? வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் எப்படி எடுத்துக்கொள்கிறாரோ அப்படி. ஒருவர் சரி என்பார், அடுத்த பூத்தில் இருப்பவர் முடியாது என்பார். இந்தியா 2007இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கையின் 29ஆவது பிரிவோ, குறைபாட்டின் வகையைப் பிரிக்காமல், தான் தேர்ந்தெடுத்த ஒருவரின் உதவியோடு வாக்களிக்கலாம் என்கிறது. ஒரு துணை ஒரு வாக்காளருக்குத்தான் என்ற கட்டுப்பாடு முறைகேட்டைத் தடுக்க நல்லதே. ஆனால் 20 பேர் தங்கியிருக்கும் காப்பகத்தில், அந்த 20 பேரும் நம்பும் வார்டன் ஒருவர்தான் இருந்தால், ஒருவரோடு அவர் உள்ளே போன பிறகு மற்ற 19 பேருக்கு யார்?

செய்ய முடியாத காரியம் ஒன்றும் இல்லை என்பதற்குச் சென்னையிலேயே சாட்சி உண்டு. 2019 மக்களவைத் தேர்தலில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பக வளாகத்திலேயே வாக்குச்சாவடி அமைத்தார்கள். உள்ளே இருந்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் வாக்களித்தார்கள். அது மனநோய் சிகிச்சை பெறுவோருக்கான இடம். அறிவுசார் குறைபாடுள்ளவர்கள் தங்கும் இல்லங்களுக்கும் அதே ஏற்பாட்டைச் செய்யத் தனிச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை.

வாக்காளராக மட்டும் நின்றுவிடாமல் வேட்பாளராகவும் போனவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் செல்பி நகரில் கேவின் ஹார்டிங் 2015இல் மேயரானார். அறிவுசார் குறைபாடுள்ள ஒருவர் அந்நாட்டில் மேயரானது அதுவே முதல் முறை. டவுன் சிண்ட்ரோம் உள்ள எலியனோர் லலூ 2020இல் பிரான்ஸின் அராஸ் நகர மன்றத்துக்குத் தேர்வானார். ஸ்பெயினில் மார் கல்செரான் 2023இல் வலென்சியா பிராந்திய நாடாளுமன்றத்தில் உறுப்பினராக அமர்ந்தார். தமிழ்நாட்டிலும் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க 2025 ஏப்ரலில் சட்டத் திருத்தம் நிறைவேறியது. அந்த இடங்களில் அறிவுசார் குறைபாடுள்ளவர் ஒருவராவது உட்காருவாரா என்பதைப் பார்க்க வேண்டும்.

வீட்டில் 18 வயது தாண்டிய பிள்ளை இருக்கிறது, பட்டியலில் பெயர் இல்லை என்றால் படிவம் 6தான் தொடக்கம். 17 வயது முடிந்தவுடனே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதிகள் தகுதி நாட்கள். படிவத்தில் குறைபாட்டின் வகையைக் கேட்கும் இடத்தில் கை கால், பார்வை, காது-பேச்சு என்று மூன்று கட்டங்கள் மட்டும் அச்சாகியிருக்கும். ‘வேறு ஏதேனும்’ என்ற கோட்டில் அறிவுசார் குறைபாடு என்று எழுத வேண்டும். சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணுக்குப் போன் போடலாம். சாவடிக்குப் போகவே முடியாத நிலை என்றால், 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்கள் படிவம் 12டி கொடுத்து வீட்டிலிருந்தே தபால் ஓட்டுப் போடலாம். அலுவலர்களே வீடியோ எடுப்பவரோடு வீட்டுக்கு வருவார்கள். தேர்தல் அறிவிக்கை வந்து ஐந்து நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். அது ஏற்கப்பட்டுவிட்டால் பிறகு வாக்குச்சாவடிக்குப் போய்ப் பொத்தான் அழுத்த முடியாது. மாதிரி வாக்குப்பதிவில் பழகி, வரிசையில் நின்று விரலில் மை வைத்துக்கொள்ள ஆசையோடு இருக்கும் பிள்ளையின் பெயரில் 12டியை அவசரப்பட்டுக் கொடுத்துவிடும் பெற்றோர் உண்டு. வீட்டிலா, பூத்திலா என்று பிள்ளையிடம் கேட்டுவிட்டு அந்தப் படிவத்தைக் கையில் எடுத்தால் போதும்.